சிமெண்ட் தொட்டி செய்யச் சொல்றீங்க சரி, ஈரத்துலயே வெச்சு இறுக விடற க்யூரிங் பத்தி ஒரு வரி கூட இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரே நாள்ல வீட்டுலயே சிமெண்ட் பூந்தொட்டி செய்யறது எப்படின்னு அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன். தோட்டத்துக்குன்னு அரைப்பக்கம் ஒதுக்கறதே இந்தக் காலத்துல பெருசு, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல இருக்கற செய்முறைய அப்படியே நம்ம ஊர்ல பண்ணினா தொட்டி ஒரு கோடை தாங்காது, அதுல வெக்கற செடியும் தாங்காது, பண்றவங்க கையும் தாங்காது, அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர். நான் பொள்ளாச்சி பக்கம்ங்க. எங்க வீட்டுல நார் மில் தொழில், நான் வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல தொட்டி பண்ணி நர்சரிங்களுக்குக் கொடுக்கறேன், அதனால சிமெண்டும் தென்னை நார்க்கழிவும் ரெண்டுமே எனக்கு தினம் புழங்கற பொருள்.

நீங்க போட்டிருந்தது என்னன்னா, சிமெண்ட் ஒரு பங்கு, பீட் மாஸ் (சதுப்பு நிலத்துல மக்கின பாசி) ஒன்றரை பங்கு, பெர்லைட் (சூட்டுல பொரிச்ச லேசான எரிமலைக் கல்லு) ஒன்றரை பங்கு, தண்ணி ஊத்தி கையால நல்லா பிசைஞ்சு அச்சுல அப்பி, மறுநாள் எடுத்து நல்ல வெயில்ல காய வெச்சு செடி நடுங்கன்னு. அந்த 'நல்ல வெயில்ல காய வெச்சு' படிச்சதும் எங்க கொத்தனார் அண்ணன் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. வெயில்ல காயறதுக்கு அது என்ன அப்பளமாங்க?

நீங்க போட்டிருந்த இந்தக் கலவைக்கு ஹைப்பர்டூஃபான்னு பேரு, இது இங்கிலாந்துக்காரங்களோட சமாச்சாரம். அங்க மலைச்செடி வளர்க்கற கிறுக்கு புடிச்ச ஆளுங்க போன நூற்றாண்டு முதல் பாதியில பழைய பண்ணை வீடுங்கள்ல மாட்டுக்கும் பன்னிக்கும் தீவனம் வெச்ச கல்தொட்டி, சமையக்கட்டு கல் சிங்க் இதெல்லாம் தூக்கிட்டு வந்து அதுல குட்டிக் குட்டி ஆல்பைன் செடிய நட ஆரம்பிச்சாங்க, எல்லாரும் அதையே தேடவும் கல்தொட்டி விலை ஏறிப்போச்சு, அதனால சிமெண்ட்டோட மணலும் பீட்டும் கலந்து கல் மாதிரியே ஒண்ணு பண்ணிக்கிட்டாங்க. டூஃபாங்கறது சுண்ணாம்பு கலந்த ஊத்துத்தண்ணி படிஞ்சு படிஞ்சு உண்டாகற ஓட்டை ஓட்டையான கல்லு, வேர் அதுக்குள்ள பூந்து போகும், அதைப் பார்த்து செஞ்சது தான் இது. நம்ம கொங்கு பக்கம் தோட்டத்து சாளையில மாட்டுக்குக் கழனித்தண்ணி ஊத்தற கல்தொட்டியும் அதே மாதிரி தான், இப்போ ரிசார்ட்காரங்க வந்து ஆட்டுக்கல்லோட அம்மியோட சேர்த்து அதையும் வண்டியில ஏத்திட்டுப் போறாங்க, அது வேற கதை.

விஷயம் என்னன்னா அந்த ஊர்ல தொட்டிக்கு எமன் குளிர். தொட்டி உறிஞ்சி வெச்ச தண்ணி ராத்திரி உறைஞ்சு விரியும், விரிஞ்சா வெடிக்கும், அதனால அவங்க யோசனை எல்லாம் அதை எப்படி தாங்க வெக்கறதுன்னு தான். சிமெண்ட் இறுகற நேரத்துல அங்க இருக்கற மேகமூட்டமும் ஈரக்காத்துமே பாதி வேலைய பார்த்துக்கும், அவங்க எழுதற குறிப்புல 'பிளாஸ்டிக் கவர்ல சுத்தி நிழல்ல வைங்க'ன்னு ஒரு வரி இருக்கும், அதையும் நம்மாளுங்க மொழிபெயர்க்கறப்போ விட்டுடறாங்க. நம்ம ஊர்ல ஊட்டி கொடைக்கானல் தவிர உறைபனி எங்கங்க வருது? நமக்கு எமன் வெயிலும் காத்தும். எங்க பக்கம் பாலக்காட்டு கணவாய்க் காத்து வைகாசி ஆனியில அடிக்க ஆரம்பிச்சா துவைச்ச துணி அரை மணியில விறைச்சுப் போகும், அந்தக் காத்துல பச்சையா இருக்கற சிமெண்ட் தொட்டிய வெளிய வெச்சீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள வாய்ப்பக்கம் முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும், மேல பார்க்க நல்லா இருக்கும், நகத்தால கீறினா மாவு மாவா உதிரும்.

ஏன்னா சிமெண்ட் காய்ஞ்சு கெட்டியாகறது கிடையாது. தண்ணியோட சேர்ந்து வேதிமாற்றம் நடந்து தான் கெட்டியாகுது, தண்ணிக்குள்ளயே போட்டாலும் இறுகும், அணைக்கட்டு பாலத்துத் தூண் எல்லாம் அப்படித்தானே நிக்குது. தண்ணி பாதியில வத்திப்போச்சுன்னா மாற்றமும் பாதியில நின்னுடும், அதுக்கப்புறம் தனியா ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினாலும் இழந்த வலு முழுசா திரும்ப வராது. கட்டடத்துக்கே ஐஎஸ் 456ன்னு ஒரு இந்திய ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல சாதா ஓபிசி (ஆர்டினரி போர்ட்லேண்ட்) சிமெண்ட்டுக்கு குறைஞ்சது 7 நாள் ஈரத்துல வெக்கணும், சாம்பல் கலந்த சிமெண்ட்டா இருந்தாலோ சூடான வறண்ட ஊரா இருந்தாலோ குறைஞ்சது 10 நாள், முடிஞ்சா 14 நாள்னு போட்டிருக்கு. அடி கணக்குல தடிமன் இருக்கற தூணுக்கே இந்தக் கதின்னா ஒன்றரை இன்ச் சுவர் இருக்கற பூந்தொட்டிக்கு எப்படி இருக்கணும், மெல்லிசா இருக்கறது தான் சீக்கிரம் வறளும்.

இன்னொண்ணு, இப்போ தெருமுனை கடையில போய் சிமெண்ட்னு கேட்டா பெரும்பாலும் பிபிசி தான் தருவாங்க, அதாவது அனல்மின் நிலையத்து சாம்பல் கலந்தது. மோசம்னு சொல்ல வரல, நல்ல சிமெண்ட் தான், நாள் ஆக ஆக வலு ஏறும், ஆனா ஆரம்பத்துல மெதுவா தான் இறுகும். ஓபிசில மறுநாள் அச்சுல இருந்து எடுக்கற தொட்டிய பிபிசில மறுநாள் எடுத்தா மூலை கையோட வந்துடும். நார்க்கழிவு கலந்திருந்தா இன்னும் தாமதம். மூட்டையில 43 கிரேடு 53 கிரேடுன்னு போட்டிருக்கறது 28 நாள்ல வர்ற வலுவோட கணக்கு, மறுநாள் கணக்கு கிடையாது, அதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும். நாங்க பண்றது எப்படின்னா, ரெண்டாவது நாள் அச்சுல ஓரமா கட்டைவிரல் நகத்தால கீறிப் பார்ப்போம், கோடு மட்டும் விழணும், பொடி வரக்கூடாது. எடுத்த உடனே மூலைய மழுங்கடிச்சு கம்பி பிரஷ்ஷால தேய்ச்சா கல்லு மாதிரி சொரசொரப்பு வரும், இந்த வேலைக்கு அன்னைக்கு விட்டா நேரம் கிடையாது, நாலு நாள் கழிச்சு தேய்ச்சா பிரஷ் தான் தேயும். அப்புறம் நனைச்ச சாக்கு, அது மேல பாலிதீன் ஷீட், ஓரத்துல கல்லு. காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சாக்குல தண்ணி. எங்க மாமியாருக்கு இது மாடு பார்க்கற மாதிரி ஒரு வேலையா ஆயிடுச்சு, யார் வீட்டுக்கு விசேஷத்துக்குப் போனாலும் சாக்கு நனைச்சாச்சான்னு ஃபோன் போடறாங்க.

இப்ப பீட் மாஸுக்கு வர்றேன். அது அந்த ஊர்ல சதுப்பு நிலத்துல ஆயிரக்கணக்கான வருஷமா மக்கி சேர்ந்தது, அதைத் தோண்டினா அதுல அடைஞ்சிருக்கற கார்பன் வெளிய வரும்னு அங்கயே இப்போ எதிர்ப்பு, பீட் இல்லாத மண்ணு வேணும்னு தோட்டக்காரங்களே கேட்டு வாங்கறாங்க. அதுக்கு மாத்தா அவங்க வாங்கறதுல எங்க பொள்ளாச்சி நார்க்கழிவும் ஒண்ணுங்க. கண்டெய்னர் கண்டெய்னரா இங்கிருந்து போகுது. இங்க உக்காந்துக்கிட்டு நாம கடல் தாண்டி வர்ற பீட் மாஸை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணணுமா, உங்க கட்டுரையில நார்க்கழிவுங்கற வார்த்தை ஒரு இடத்துல கூட வரலைங்கறது எனக்கு கொஞ்சம் வருத்தம் தான்.

ஆனா பீட்டுக்கு பதிலா நார்க்கழிவ அப்படியே கொட்டினாலும் ஆகாது, இதையும் சொல்லணும். புது நார்க்கழிவுல டானின் இருக்கு, ஊறப்போட்டா தண்ணி செக்கச் செவேல்னு இறங்கும், இந்த மாதிரி சாறெல்லாம் சிமெண்ட் இறுகறதைத் தடுக்கும். கொத்தனாருங்களைக் கேளுங்க, கலவையில ஒரு பிடி சர்க்கரை விழுந்தா என்ன ஆகும்னு தெரியும், அதே கதை தான். அதோட உப்பு. மட்டை ஊறின தண்ணியப் பொறுத்து நார்க்கழிவுல உப்பு ஏறியிருக்கும், செடிக்கு அது ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும், தொட்டிக்குள்ள பலத்துக்கு கோழிவலை வெச்சீங்கன்னா அந்த வலையவும் அது துருப்புடிக்க வெக்கும்ங்கறது பலபேருக்குத் தெரியாது. துரு புடிச்ச கம்பி ஊதும், ஊதினா உள்ள இருந்தே தொட்டிய பிளந்துடும். அதனால கட்டியா விக்கற நார்க்கழிவ வாங்கி, 5 கிலோ கட்டி ஒண்ணு ஊறினா 60, 70 லிட்டருக்குப் பெருகி வரும், நல்ல தண்ணியில ஊற வெச்சு வடிச்சு, மறுபடி ஊற வெச்சு வடிச்சு, வர்ற தண்ணி தெளிவா ஆகற வரைக்கும் விடாதீங்க. கடையில 'லோ ஈசி', அதாவது உப்பு கம்மியானதுன்னு கேட்டு வாங்கினா உப்பு வேலை மிச்சம். அப்புறம் கால் இன்ச் சல்லடையில சலிச்சு நீள நாரை எடுத்துடணும், கட்டியா இருக்கற இடத்துல தான் முதல்ல ஓட்டை விழும்.

அளவு என்னன்னு கேப்பீங்க. எங்க ஷெட்டுல சிமெண்ட் ஒரு பக்கெட், சலிச்ச நார்க்கழிவு ஒரு பக்கெட், பெர்லைட் இல்லைன்னா வெர்மிகுலைட் ஒரு பக்கெட், எம் சாண்ட் அரை பக்கெட். நார்க்கழிவு ஒன்றரைக்குப் போனா தொட்டி லேசா தான் வரும், ஆனா நம்ம வெயிலுக்கு சீக்கிரமா உதிர ஆரம்பிச்சுடும், இது என் அபிப்பிராயம், வேற மாதிரி பண்றவங்களும் இருக்காங்க. பெர்லைட் விலை ஜாஸ்தி. வெர்மிகுலைட் நம்ம திருப்பத்தூர் பக்கமே மண்ணுக்குள்ள இருக்கு, தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுத்து சூட்டுல பொரிச்சு வித்திருக்காங்க, விசாரிச்சா கிடைக்கும். தெர்மாகோல் உருண்டைய மட்டும் போடாதீங்கன்னு கையெடுத்து கும்பிடறேன், லேசா இருக்கும் விலையும் கம்மி தான், ஆனா தேய்க்கறப்போ ஒவ்வொரு உருண்டையா கழண்டு காத்துல பறந்து சாக்கடை வாய்க்கால்னு எல்லா இடத்துக்கும் போகும், எடுக்கவே முடியாது. அச்சுக்கு மீன் கடை தெர்மாகோல் பெட்டிய பயன்படுத்திக்கோங்க, அது முழுசா இருக்கற வரைக்கும் பிரச்சனை இல்ல.

தண்ணி எவ்வளவுன்னு லிட்டர் கணக்குல சொல்ல முடியாதுங்க, நார்க்கழிவு ஏற்கெனவே எவ்வளவு ஈரமா இருக்குங்கறதைப் பொறுத்து மாறும். கலவைய ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரல் இடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு தான் வரணும், ஒழுகுச்சுன்னா தண்ணி ஜாஸ்தி, பிளந்துச்சுன்னா கம்மி. அப்பறப்போ முஷ்டியால குத்திக் குத்தி அப்பணும், அடியில ஒரு இன்ச்சு பிவிசி பைப் துண்டு வெச்சு வடிகால் ஓட்டை விடணும், பெரிய தொட்டின்னா மூணு ஓட்டை. விரிசல் விடாம இருக்க பிளாஸ்டிக் நார் பாக்கெட் விக்குது, 50 கிலோ மூட்டைக்கு 125 கிராம் கணக்கு, அது போட்டா சின்னத் தொட்டிக்கு கோழிவலையே வேண்டாம். பெருசுக்கு மட்டும் வலை.

இந்த வலை விஷயத்துல ஒரு கதை இருக்குங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. இன்னைக்கு நாம பார்க்கற ஃபிளாட்டு பாலம் எல்லாத்துலயும் கான்கிரீட்டுக்குள்ள கம்பி இருக்குல்ல, அந்த யோசனைக்கு முதன்முதலா பேடண்ட் வாங்கினவங்கள்ல ஒருத்தர் ஒரு தோட்டக்காரர். ஜோசப் மோனியேன்னு பிரான்ஸ்காரர், ஆரஞ்சுச் செடி வெக்கற மரத்தொட்டி மக்கிப்போகுது, சும்மா சிமெண்ட்ல பண்ணினா உடையுதுன்னு இரும்பு வலைய உள்ள வெச்சு சிமெண்ட் பூசிப் பார்த்தாரு, 1867-ல பேடண்ட் வாங்கிட்டாரு. பூந்தொட்டியில இருந்து தாங்க பாலமே வந்துச்சு. எங்க ஷெட்டுக்கு வர்ற இன்ஜினியரிங் காலேஜ் பசங்ககிட்ட இதைச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, கூகுள் பண்ணிப் பார்த்துட்டு தான் நம்பறாங்க.

இப்ப கைக்கு வர்றேன், இது தான் எனக்குக் கோவம் வந்த இடம். உங்க படத்துல ஒரு சின்னப் பொண்ணு வெறுங்கையில சிமெண்ட் கலவைய பிசையுது, சிரிச்சுக்கிட்டே. ஈர சிமெண்ட் சுண்ணாம்பு மாதிரி கடுமையான காரம்ங்க, புளிப்பு காரம் அளக்கற பிஹெச் கணக்குல 12, 13 வரைக்கும் இருக்கும், சுத்தத் தண்ணிக்கு 7 தான். ஆசிட் பட்டா உடனே எரியும், நாம கையை இழுத்துடுவோம், சிமெண்ட் அப்படி இல்ல, அந்த நேரத்துல ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சு தான் தோல் வெந்திருக்கறது தெரியும். முட்டி போட்டு உக்காந்து வேலை பார்க்கறவங்களுக்கு பேண்ட்டுல ஈரம் ஊறி முழங்கால்ல புண்ணாகறது இதனால தான். அதோட சிமெண்ட்ல இருக்கற ஒரு வகை குரோமியம் சிலபேருக்கு அலர்ஜி உண்டாக்கும், ஒரு தடவை வந்துட்டா அதுக்கப்புறம் சிமெண்ட்டைத் தொட்டாலே வரும், ஐரோப்பாவுல 2005-ல இருந்து அந்த குரோமியம் 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 2 பங்கு) மேல கரையற மாதிரி இருந்தா அந்த சிமெண்ட்டை விக்கவே கூடாதுன்னு சட்டம். நம்ம கொத்தனாரு சித்தாளுங்க கையப் பார்த்திருப்பீங்க, விரல் நுனியெல்லாம் வெடிச்சு, நகத்தோரம் அரிச்சு, அது வேலை செஞ்ச கைன்னு நாம பெருமையா பேசிட்டு விட்டுடறோம். ரப்பர் கையுறை என்ன பெரிய விலைங்க. துணிக் கையுறை வேண்டாம், ஈரத்தை இழுத்து கையோடயே ஒட்ட வெச்சுடும். உலர்ந்த சிமெண்ட்டையும் எம் சாண்டையும் கொட்டறப்போ, சலிக்கறப்போ மாஸ்க், அந்த மெல்லிய மாவுத்தூசு நெஞ்சுல போய் உக்காந்தா வருஷக்கணக்குல படுத்தும். கொரோனா காலத்து என்95 இன்னும் எல்லார் வீட்டு டிராயர்லயும் கிடக்குதே, அதைப் போட்டுக்கோங்க. கை கழுவின தண்ணிய வாஷ்பேசின்ல ஊத்தாதீங்க, பைப்புக்குள்ள போய் இறுகிடுச்சுன்னா பிளம்பருக்கு தண்டச்செலவு.

செடிய மறுநாள் நடறது பத்தி. க்யூரிங் முடிஞ்ச தொட்டியிலயும் சுண்ணாம்பு வெளிய வந்துக்கிட்டே இருக்கும், வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையா பூக்கறது அது தான். தொட்டி நிறைய தண்ணி ஊத்தி வெச்சு ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்திக்கிட்டே வரணும், மூணு நாலு வாரம் இதே வேலையா விட்டா நல்லது, அவசரம்னா கடையில பிஹெச் ஸ்ட்ரிப் வாங்கி நின்ன தண்ணியில நனைச்சுப் பாருங்க, 8-க்கு கீழ இறங்கினா பயமில்ல. மழைக்காலத்துல செஞ்சு போட்டா வானமே கழுவிக் கொடுத்துடும். தண்ணிய நிறுத்தி வெக்கறப்போ மாத்தாம விட்டுடாதீங்க, டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாள்ல முட்டையில இருந்து பறக்கற அளவுக்கு வந்துடும், சுகாதாரத்துறை ஆளுங்க மொட்டை மாடி ஏறி பார்த்தாங்கன்னா அபராதம் நமக்கு தான்.

என்ன செடி வெக்கறதுங்கறதும் முக்கியம். அந்த ஊர் மலைச்செடிங்கள்ல நிறைய சுண்ணாம்புப் பாறை இடுக்குல வளர்றது, அதுங்களுக்கு சிமெண்ட் தொட்டி மாமியார் வீடு மாதிரி இல்ல, பொறந்த வீடு. நம்ம ஆளுங்க வெக்கறது என்ன, இட்லிப்பூ. அதுக்கு சுண்ணாம்பு சுத்தமா ஆகாது, காரம் ஏறின மண்ணுல இரும்புச்சத்தை எடுக்க முடியாம இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், அதைப் பார்த்துட்டு உரம் பத்தலைன்னு யூரியா போடுவாங்க. உங்க கட்டுரையில போட்டிருந்த படத்துலயும் இட்லிப்பூ தான் இருந்துச்சு. அடீனியம், கள்ளி வகை, ஜேடு, பாம்புக்கத்தாழை, சோத்துக்கத்தாழை இதெல்லாம் வைங்க, ஜம்முனு வரும். இதுல மண்பானை தொட்டிக்காரங்க வயித்துல அடிக்கற மாதிரி ஆயிடுமோன்னு சிலபேர் கேக்கறாங்க, நான் சொல்றது சின்னச் செடிக்கு மண்தொட்டி தான் நல்லது, மானாமதுரை மாதிரி ஊர்ல குயவருங்க சுட்ட தொட்டியில வேர் மூச்சு விடற மாதிரி இதுல விடாது. சிமெண்ட் தொட்டி பெருசா, வெளியில, வருஷக்கணக்குல நகத்தாம வெக்கறதுக்கு.

நகத்தாமன்னதும் மொட்டை மாடி ஞாபகம் வருது. இதை இன்ஜினியருங்க யாராவது எழுதினா நல்லா இருக்கும், ஆனா நானே சொல்லிடறேன். ஆளு நடமாடற மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைன்னு கணக்கு வெச்சு தான் டிசைன் பண்றது வழக்கம், அதுவும் ஸ்டாண்டர்டுல இருக்கறது தான். ரெண்டுக்கு ரெண்டு அடி சதுரம், ஒன்றரை அடி உயரம், ரெண்டு இன்ச் சுவர்ல ஒரு தொட்டிய சாதா கான்கிரீட்ல வார்த்தீங்கன்னா தொட்டி மட்டுமே ஏறக்குறைய 155 கிலோ, உள்ள ஈரமண்ணு 130, 140 கிலோ, அது நிக்கற இடம் அரை சதுர மீட்டர் கூட இல்ல. ஹைப்பர்டூஃபால பண்ணினா தொட்டி எடை பாதிக்கு கிட்ட இறங்கும், மண்ணுக்கு பதிலா நார்க்கழிவு கலவை போட்டா இன்னும் இறங்கும், அப்பவும் அதை ரூம் நடுவுல வர்ற இடத்துல வெக்கக்கூடாது, கீழ சுவரோ பீமோ ஓடற இடத்துல ஓரமா தான் வெக்கணும். பழைய வீடா இருந்தா ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. தொட்டிய செங்கல் மேல தூக்கி வைங்க, அடியில ஈரம் தங்கினா மாடித் தளம் தான் முதல்ல கெடும்.

அலங்கார சாமானுக்கு நீங்க மூணே வரி ஒதுக்கியிருந்தீங்க, காளான், வாத்துன்னு ரப்பர் அச்சு வாங்கி வார்க்கச் சொல்லி. வாத்து எதுக்குங்க. சேம்பு இலை இருக்கு, தேக்கு இலை இருக்கு, அதை வெச்சு பண்ற வேலைக்கு அச்சே வாங்க வேண்டாம். ஈர மணலை மேடு கட்டி, மேல பாலிதீன் விரிச்சு, இலைய குப்புறப் போடணும், நரம்பு மேல பார்த்த மாதிரி. சலிச்ச எம் சாண்ட் ரெண்டு பங்கு, சிமெண்ட் ஒரு பங்கு, கொஞ்சம் கெட்டியா. நடுவுல முக்கால் இன்ச், ஓரத்துக்கு வர வர மெலிசா, உள்ளங்கையால தட்டித் தட்டி காத்துக்குமிழி போகற மாதிரி அப்பி, காம்பு இருந்த இடத்துல ஒரு பிடி கூடுதலா வெச்சு அடிப்பாகம் மட்டமா தட்டிவிட்டா திருப்பி வெக்கறப்போ ஆடாது. மூடி வெச்சு, ரெண்டு நாள் கழிச்சு திருப்பி, இலைய ஒரு நுனியில இருந்து உரிச்சா நடு நரம்பு, அதுல இருந்து பிரியற கிளை நரம்பு, கிளையில இருந்து வலை மாதிரி ஓடற மெல்லிசு, பூச்சி கடிச்ச ஓட்டை உட்பட அப்படியே பதிஞ்சிருக்கும். உரிய மறுத்த துணுக்கை அப்படியே விடுங்க, காய்ஞ்சதும் பிரஷ்ஷுக்கு வந்துடும். சேம்பு இலைச் சாறு கை அரிக்கும், அதுக்கும் கையுறை தான். குருவிக்குத் தண்ணி வெக்க இதை விட அழகான கிண்ணம் கிடையாது, க்யூரிங் கதையும் சுண்ணாம்பு கழுவற கதையும் இதுக்கும் உண்டு, பாவம் குருவி அந்தத் தண்ணிய குடிக்கப் போகுது. மேல பாசி படரணும்னு தயிர் தடவச் சொல்லி எழுதியிருந்தீங்க, நம்ம ஊர் சித்திரை வெயில்ல எந்தப் பாசியும் நிக்காது, தயிரை சோத்துல ஊத்திக்கலாம்.

குப்பையில போற பொருளை வெச்சு பண்ணணும்னு ஆசைப்படறவங்க சண்டிகர் நேக் சந்த் பண்ணினதைப் பாருங்க. பொதுப்பணித்துறையில ரோடு இன்ஸ்பெக்டர் வேலை, 1957-ல இருந்து காட்டுக்குள்ள யாருக்கும் தெரியாம உடைஞ்ச பீங்கான், வளையல் துண்டு, சிமெண்ட் எல்லாம் வெச்சு சிலை சிலையா பண்ணிக்கிட்டே இருந்தாரு, 1976-ல அரசாங்கமே அதை ராக் கார்டன்னு தொறந்து விட்டுச்சு, 1984-ல பத்மஸ்ரீ. நம்ம ஊர்லயும் கோபுரத்துல சுதை வேலை பண்றவங்க, எல்லைச்சாமி குதிரை பண்றவங்க இருக்காங்க, அவங்க ஒருத்தரைக் கூப்பிட்டு ஒரு பேட்டி எடுத்துப் போட்டீங்கன்னா நாங்க பத்து வீடியோ பார்க்கறதை விட ஜாஸ்தி கத்துக்குவோம், கலவைய எப்ப தொடணும் எப்ப விடணும்ங்கறதை அவங்க விரல் வெச்சே சொல்லிடுவாங்க.

நான் கேக்கறது ஒண்ணு தான். அடுத்த இணைப்புல அந்த செய்முறைய திருத்தி மறுபடி போடுங்க, வெயில்ல காய வைங்கங்கற வரிய எடுத்துட்டு, சாக்கு நனைச்சுப் போடறதைப் போடுங்க, கூடவே கையுறை, மாஸ்க், சுண்ணாம்பு கழுவறது. அந்தப் பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கறவங்க எத்தனை பேரோ, லீவுல குழந்தைங்களோட உக்காந்து பண்ணலாம்னு சிமெண்ட் வாங்கி வெச்சிருப்பாங்க. லெட்டர் நீளமாயிடுச்சு, இடம் பத்தலைன்னா நேக் சந்தையும் மோனியேவையும் தாராளமா வெட்டிடுங்க, க்யூரிங்குலயும் கையுறையிலயும் மட்டும் கை வெக்காதீங்க.

இப்படிக்கு,
பொள்ளாச்சி பக்கத்து வாசகி